செம்பருத்தியின் சூலகம் கடைசி பெஞ்சுக்கும் தெரிய: ஜூம், ஒரு போன், இரண்டு மர ஸ்கேல்

செம்பருத்தியை அறுத்துக் காட்டும் நாளெல்லாம் எனக்கு மனக்குறைதான். 42 பிள்ளைகள் மேசையைச் சுற்றி முண்டுவார்கள், முன்னால் நிற்கும் பத்துப் பேர்தான் எதையாவது பார்ப்பார்கள். ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பழகிய ஜூமை இப்போது வகுப்பறைக்குள்ளேயே பயன்படுத்துகிறேன். போன்தான் கேமரா. அது பார்ப்பதை மடிக்கணினி வாங்கி புரொஜெக்டருக்குத் தருகிறது.

1. மடிக்கணினியை புரொஜெக்டரில் இணைத்து மீட்டிங்கைத் தொடங்குங்கள். மடிக்கணினியின் கேமரா வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

2. போனில் ஜூம் செயலியைத் திறந்து அதே மீட்டிங் ஐடியும் பாஸ்கோடும் கொடுத்து நுழையுங்கள். மடிக்கணினியில் அனுமதி கேட்டால் 'அட்மிட்' அழுத்துங்கள்.

3. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முதல் நாள் போன் உள்ளே வந்ததுமே 'கீ...' என்று ஒரு ஊளை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். போனின் மைக்கை மியூட் செய்தேன். ஊளை நின்றது, ஆனால் நான் பேசியதெல்லாம் சற்றுத் தாமதமாக போனிலிருந்து திரும்ப வந்தது. மடிக்கணினியின் மைக் என் குரலை அனுப்புகிறது, போனின் ஸ்பீக்கர் அதை அதே அறையில் ஒலிக்கிறது. அப்புறம் மைக் அதையும் பிடிக்கிறது. ஆகவே மியூட் மட்டும் போதாது. ஓர் அறையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் காதும் வாயும் இருக்க வேண்டும். போனில் 'மோர்' பகுதிக்குப் போய் 'டிஸ்கனெக்ட் ஆடியோ' கொடுங்கள். மைக் படம் போய் ஹெட்போன் படம் வந்தால் சரி.

4. போனில் பின்பக்கக் கேமராவுக்கு மாறுங்கள். நோட்டுகளை இரண்டு அடுக்காக வைத்து, மேலே இரண்டு மர ஸ்கேலை இடைவெளி விட்டுப் படுக்க வையுங்கள். கேமரா அந்த இடைவெளியில் வரும்படி போனை அதன்மேல் கிடத்துங்கள். பூவுக்கும் போனுக்கும் ஒரு சாண் உயரம் இருக்கட்டும், அதைவிட நெருங்கினால் படம் மங்குகிறது. அடியில் வெள்ளைத்தாள் விரித்து, ஜன்னல் பக்கமாக மேசையைப் போடுங்கள். மொபைல் ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. நான் வாங்கியது, கை பட்டாலே ஆடியது.

5. மடிக்கணினியில் போனின் படத்துக்கு மேலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'பின்' (Pin) செய்யுங்கள். திரை முழுக்கப் பூதான்.

நான் அன்று முதலில் பூவின் பெண் பகுதியான சூலகத்தின் நுனியை, அதாவது சூலகமுடியைக் காட்டினேன். வெல்வெட் போன்ற சிவப்புக் குமிழ்கள். எத்தனை என்று கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து "அஞ்சு மிஸ்!" என்று வந்தது. அப்படியானால் உள்ளே எத்தனை அறை இருக்கும் என்று கேட்டுவிட்டு, சூலகத்தின் அடியில் பருத்திருக்கும் சூற்பையைக் குறுக்கே பிளேடால் அறுத்தேன். ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாக, பின்னால் விதையாகும் சூல்கள். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. கால் முறிந்து வீட்டிலிருந்த ஒரு மாணவியும் அவள் அம்மாவின் போனில் அதே காட்சியைப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்வி மடிக்கணினியின் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

கூகுள் மீட்டிலும் இதைச் செய்யலாம். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், மீட்டில் மூன்று பேர் இருந்தாலும் 60 நிமிடம் கிடைக்கும். ஆனாலும் ஆடியோவைத் தனியே துண்டிக்கும் வசதிக்காக எனக்கு ஜூம்தான் பிடிக்கிறது. பூவைத் தயாராக வைத்துவிட்டு மீட்டிங்கைத் தொடங்கினால் 40 நிமிடம் தாராளம்.

சேர்ப்பு: படம் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது என்று இரண்டு ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். போனைக் கிடத்தும்போது அதற்கு மேல் கீழ் குழம்பிவிடுகிறது. போனோடு போராடாமல், பூ இருக்கும் தாளைத் திருப்பிவிடுங்கள். பள்ளியில் வைஃபை இல்லையென்றால் வேறொரு போனில் ஹாட்ஸ்பாட் வையுங்கள். கேமரா போனிலேயே அதையும் வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடுகிறது.