தங்கமீன் சோர்ந்து கிடந்தால்: வைத்தியம் பார்ப்பதா, வலியில்லாமல் விடுவிப்பதா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டிசம்பர், ஜனவரி வந்தாலே தங்கமீன் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மீன் அடியிலேயே கிடக்குது, தீனி எடுக்கல, பிழைக்குமா?" பல நேரம் அது நோயே இல்லை, வெறும் குளிர்தான். அதனால் முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் தண்ணீர், அப்புறம் மீன், அதற்குப் பிறகுதான் மருந்து. மீனை வலியில்லாமல் விடுவிக்க உதவும் கிராம்புத் தைலத்தைக் கடைசியில் எடுங்கள்.

தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் தங்கமீன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு அடியில் நிற்கும். செரிமானமும் மெதுவாகிவிடும், எனவே சாப்பிடவில்லையே என்று தீனியைக் கொட்டாதீர்கள், அது அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும். குளிரைவிட மோசமானது திடீர் மாற்றம். கோவையில் வாங்கிய மீன் கவரை மலையேறி வந்த கையோடு ஊட்டித் தொட்டியில் கவிழ்த்தால் நல்ல மீனும் படுத்துவிடும். ஹீட்டர் இருந்தால் நாளைக்கு ஓரிரு டிகிரி என்று மெல்ல ஏற்றி 18-20இல் நிறுத்துங்கள்.

அடுத்து தண்ணீர். டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள், அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்ட வேண்டும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் வளரும் என்பதால் நம் ஊரில் புதுத் தொட்டி பக்குவப்படக் கீழ்நாட்டைவிட அதிக நாள் பிடிக்கும், கரண்ட் போய் பில்டர் நின்றால் இன்னும் சிக்கல். அளவு ஏறியிருந்தால் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து அதே அறையில் வைத்து, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டு ஊற்றுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பல மீன்கள் நாலைந்து நாளில் எழுந்துவிடும்.

எழவில்லையா? சரி, இப்போது மீனைப் பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் உப்புத் தூள் ஒட்டியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா, துடுப்பின் ஓரம் வெளுத்துக் கிழிந்திருக்கிறதா, செவுள் இரண்டும் ஒரே சீராகத் திறந்து மூடுகிறதா என்று கவனியுங்கள். வெள்ளைப்புள்ளியும் துடுப்பு அழுகலும் சரியாகக் கூடியவை. ஆனால் வெள்ளைப்புள்ளிக் கிருமியின் சுழற்சி 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும் என்றால், 10 டிகிரியில் பல வாரம் இழுக்கும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும். தலைகீழாக மிதப்பதும் மரண அறிகுறி அல்ல. உருண்டை வயிற்று ரகங்களுக்கு இது அடிக்கடி வரும். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, அப்புறம் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைத் துளி கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் மேலிருந்து பாருங்கள். செதில்கள் எல்லாம் விரிந்த பைன் காய் போலச் சிலிர்த்து நின்றால் உடம்புக்குள் நீர் கோத்திருக்கிறது, பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டிருக்கும். தீனி எடுக்கும் மீன் என்றால் தனித் தொட்டியில் லிட்டருக்கு 1-2 கிராம் கல்லுப்பு போட்டு முயலலாம், மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் கேளுங்கள். கண்ணும் பிதுங்கி, தீனியையும் விட்டுவிட்ட மீன் மீள்வது அபூர்வம்.

வைத்தியத்துக்கு ஒரு வாரம் கெடு வையுங்கள். அதற்குள் தீனி எடுக்கவில்லை, நிமிர்ந்து நீந்தவில்லை, மூச்சுக்குத் திணறுகிறது, புண் பெரிதாகிறது என்றால் முடிவெடுக்கும் நேரம் வந்துவிட்டது. "என் கையால் எப்படி" என்று வாரக்கணக்கில் தவிக்க விடுவது எனக்கு இரக்கமாகத் தெரியவில்லை.

கழிவறையில் விடுவது, உயிரோடு பிரீசரில் வைப்பது, தரையில் போட்டுவிடுவது எல்லாமே கொடுமை. ஊட்டி ஏரியில் விடுவதும் கூடாது, நோயும் அந்நிய மீனும் சேர்ந்து அங்கே போகும்.

வலியில்லாமல் விடுவிக்க, மெடிக்கல் ஷாப்பில் பல்வலிக்கு விற்கும் சுத்தமான கிராம்புத் தைலம் வாங்குங்கள். நம் ஊர்த் தைலக் கடைகளில் யூகலிப்டஸ், வின்டர்கிரீன் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள், அவை இதற்கு உதவாது. தொட்டித் தண்ணீரில் ஒரு லிட்டர் தனிப் பாத்திரத்தில் எடுத்து மீனை விடுங்கள். தைலம் குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும், அதனால் சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்து, பால் போல வெளுக்கும்வரை குலுக்குங்கள். முதலில் இரண்டு மூன்று சொட்டுத் தைலம் சேரும் அளவு மட்டும், மெல்ல ஊற்றுங்கள். மீன் சாய்ந்து, தொட்டாலும் அசையாமல் மயங்கிய பிறகு மொத்தம் அரை மில்லி தைலம் சேரும்படி மீதியையும் ஊற்றுங்கள். அளவு குறைந்தால் மயங்கி எழுந்துவிடும், கஞ்சத்தனம் வேண்டாம்.

செவுள் நின்றதும் எடுத்துவிடாதீர்கள். தங்கமீனுக்கு உயிர் கெட்டி, செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அதற்குப் பிறகு பிரீசரில் வைத்து உறுதிசெய்துகொள்ளலாம்.

புதைப்பதானால் ஆழமாக, மேலே கல் வைத்து. காட்டுப்பன்றி வரும் தோட்டமென்றால் இது முக்கியம். அந்த மீனுக்குப் பயன்படுத்திய வலையை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மற்ற தொட்டிக்குள் விடுங்கள்.