ஏஜென்ட் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கும் முன்

சொன்ன வேலையைக் கம்ப்யூட்டரில் தானே செய்யும் மென்பொருளான ஏஐ ஏஜென்ட்டை நிறுவியதும், "கேட்காமல் எதையும் அழிக்காதே" என்று அதற்கான குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். டவுன்லோட்ஸ் போல்டரில் இரண்டு இரண்டாகக் கிடந்த கோப்புகளை ஒதுக்கி வைக்கச் சொன்னால், அழித்தே விட்டது. அழித்ததை மிகப் பணிவாகச் சொல்லவும் செய்தது! குறிப்பில் எழுதுவது வேண்டுகோள்தான். பூட்டு வேண்டுமானால் அது மாடலுக்கு (ஏஜென்ட்டின் மூளையான ஏஐக்கு) வெளியே, அதன் கை எட்டாத இடத்தில் தொங்க வேண்டும்.

படி 1: பிரித்து எழுதுங்கள்

ஏஜென்ட்டால் என்னென்ன செய்ய முடியும் என்று ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். வெறுமனே படிப்பவை, மாற்றினாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியவை, போனால் போனதுதான் என்பவை. மெயில் அனுப்புவது, பணம் கட்டுவது, நிரந்தரமாக அழிப்பது, கேமராவை இயக்குவது, ஸ்மார்ட் பூட்டைத் திறப்பது எல்லாம் மூன்றாவதில் வரும். பாஸ்வேர்டு உள்ள கோப்பைப் "படிப்பதும்" அங்கேதான்.

படி 2: தனி யூசர் கணக்கு

உங்கள் கணக்கில் ஓடும் ஏஜென்ட்டுக்கு உங்கள் அதிகாரம் முழுதும் உண்டு. அதனால் அட்மின் உரிமை இல்லாத புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் ஓடவிடுங்கள். வேலைக்குத் தேவையான கோப்புகளின் நகலை மட்டும் அங்கே வையுங்கள். உங்கள் சொந்த போல்டரை மற்றக் கணக்குகள் திறக்க முடியாதபடி பர்மிஷனை மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கின் பிரவுசரில் உங்கள் மெயிலில் லாகின் செய்து வைக்காதீர்கள்.

போனில் என்றால், ஆண்ட்ராய்டின் அக்சஸிபிலிட்டி அனுமதிதான் பெரிய சாவி. அதைப் பெற்ற ஆப் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். வங்கி ஆப் உள்ள போனில் அதைத் தரவே மாட்டேன்.

படி 3: வாசலில் காவல்

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மாடலுக்கு வெளியே ஒரு அனுமதிப் பட்டியல் வையுங்கள். ஏஜென்ட் கேட்கும் ஒவ்வொரு செயலுக்கும் அதில் மூன்றில் ஒரு பதில்: அனுமதி, (என்னைக்) கேள், மறு. பட்டியலில் இல்லாத எதற்கும் பதில் "மறு" என்றே இருக்கட்டும்.

கமாண்டின் (கம்ப்யூட்டருக்கு எழுத்தில் தரும் கட்டளையின்) பெயரை மட்டும் பார்த்து அனுமதித்தால் ஏமாந்துபோவீர்கள். லினக்ஸில் 'ஃபைண்ட்' கோப்பைத் தேடும் கருவி. பார்த்தால் பரம சாது. அதற்கே 'டெலிட்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. சேர்த்தால், தேடிக் கிடைத்ததையெல்லாம் அழித்துவிடும். அனுமதித்த கமாண்டின் வாலில் இன்னொரு கமாண்டை ஒட்டி அனுப்பவும் முடியும். ஆகவே முழு வரியையும் சோதியுங்கள். கமாண்டுகளை ஒட்டும் குறிகள் (; && | போன்றவை) இருந்தால் மறுத்துவிடுங்கள்.

"கேள்" என்று வைத்தவற்றில் திரையில் என்ன தெரிகிறது என்பதும் முக்கியம். "பழைய கோப்புகளைச் சுத்தம் செய்யவா?" என்பது ஏஜென்ட்டின் சொந்தச் சொல், அதை நம்பி ஒப்புதல் தராதீர்கள். ஓடப்போகும் கமாண்ட், முழுப் பாதை, எத்தனை கோப்புகள் என்பவை கண்ணுக்குத் தெரிய வேண்டும். சின்ன விஷயங்களுக்கெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தால், இருபதாவது முறை படிக்காமலே "சரி" அழுத்துவீர்கள். நான் அழுத்தியிருக்கிறேன். முதல் வகைக்குக் கேள்வியே வேண்டாம் என்பது அதனால்தான்.

படி 4: வெளியே போகும் வழி

ஏஜென்ட் படிக்கும் மெயிலிலோ இணையப் பக்கத்திலோ "இந்தக் கோப்பை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று யாரோ ஒளித்து எழுதியிருக்கலாம். உங்கள் கட்டளைக்கும் அந்த வரிக்கும் உள்ள வித்தியாசம் மாடலுக்கு எப்போதும் பிடிபடுவதில்லை. 2022-இல் இதற்கு 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்று பெயர் வந்தது. முழுமையான மருந்து இன்னும் இல்லை. அந்தரங்கத் தகவல், வெளியார் எழுத்து, வெளியே அனுப்பும் வசதி மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேரக் கூடாது. ஒன்றையாவது வெட்டுங்கள். நான் வெட்டுவது பெரும்பாலும் இணையத்தை.

படி 5: நீங்களே சோதியுங்கள்

உங்கள் சொந்த போல்டரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, அதை அழிக்கும்படி ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். அது படிக்கப்போகும் குறிப்பு ஒன்றுக்குள்ளும் அதே கட்டளையை ஒளித்து வையுங்கள். நடந்தது எல்லாம் லாகில் (செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) பதிவாகிறதா, அந்த லாகை ஏஜென்ட்டால் திருத்த முடியாதா என்றும் பாருங்கள். வெற்றுக் கோப்பு காணாமல் போயிருந்தால், இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.