பழைய அலுமினியப் படகுக்குப் புது பெயிண்ட்

பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் எங்காவது கசிந்தால், அதன் வெளிப்பக்கம் சொட்டு கோத்து நிற்கும். அதை அடையாளம் வைத்துச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவிடுங்கள். உரிந்து நிற்கும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120இல் முடிப்பது என் வழக்கம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; நனைத்துத் தேயுங்கள், நல்ல மாஸ்க் அவசியம். இரும்பு பிரஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, அந்த இடத்திலேயே அரிப்பு தொடங்கிவிடும்.

பெயிண்ட் நிற்பதும் உரிவதும் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சின் கையில்தான் இருக்கிறது. தேய்த்த அலுமினியத்தின் மேல் காற்று பட்டதுமே ஆக்சைடு படலம் பிடிக்கத் தொடங்கும். சாதாரண பெயிண்ட் அதன்மேல் ஒட்டாமல் தாள் தாளாக உரியும். அதனால் அசிட்டோனால் துடைத்து, அன்றைக்கே செல்ஃப் எட்ச்சிங் பிரைமரை மெல்லிசாக அடித்துவிடுங்கள். அதிலுள்ள அமிலம் உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ரிவெட் தலைகளைச் சுற்றிச் சின்ன பிரஷால் தனியாகத் தடவுங்கள். ரோலர் அங்கே எட்டாது.

மேல்பூச்சு மெல்லிசாக இரண்டு, மூன்று கோட். இடைவெளி டப்பாவில் போட்டிருக்கும். படகு எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்குமென்றால், அடிப்பாகத்துக்குத் தாமிரம் கலந்த பாசித்தடுப்பு பெயிண்டைத் தொடாதீர்கள். அது அலுமினியத்தை ஓட்டை போடும். அலுமினியத்துக்கென்றே வருவதைக் கேட்டு வாங்குங்கள்.