வால்பாறைக்குத் தனி வண்டியில் ஒரு நாள்

வண்டி பேசும்போதே டிரைவர் பேட்டா, காத்திருப்பு, வழிகாட்டி கூலி எல்லாம் வாடகைக்குள் வருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு வரும் சண்டை பெரும்பாலும் இதில்தான். வால்பாறைக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸை முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறினால் பத்தாவது வளைவுக்குள் குமட்டும். இரண்டு இட்லி போதும்.

9-ஆவது வளைவில் காட்சிமுனை. வரையாட்டைப் பார்க்கக் காலை வேளைதான் நல்லது, வெயில் ஏறினால் பாறை நிழலுக்குள் ஒதுங்கிவிடும். பாறையின் நிறமே அதற்கும். அசைவைத் தேடுங்கள், ஆட்டைத் தேடாதீர்கள்.

வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். தலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய பாலங்களைப் பாருங்கள்: வண்டியில் அடிபடாமல் குரங்குகள் கடப்பதற்காகப் போட்டவை. ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் அவை தரைக்கு இறங்கப் பழகும், அடிபட்டுச் சாகும். தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள்.

நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனையை மதியத்துக்கு வைக்காதீர்கள். மூடுபனி ஏறினால் அங்கிருந்து தெரியும் ஆனைமுடி சிகரம் மறைந்துவிடும்.

எஸ்டேட் சாலையில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். இறங்காதீர்கள், ஹாரன் வேண்டாம். திரும்பும்போது இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.