இதய அறுவை சிகிச்சையில் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தைத் தேடுவதைவிட, அதற்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனைக் கணக்குப் பார்ப்பதுதான் பலன் தரும். சிறுநீரகத்தின் உட்பகுதி சாதாரண நாளிலேயே 10 முதல் 20 மி.மீ. மெர்க்குரி ஆக்சிஜன் அழுத்தத்தில்தான் பிழைக்கிறது. அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் பம்ப் ஓடும்போது ரத்தம் நீர்த்துப்போனால் முதலில் அடிபடுவது அந்தப் பகுதி.

அறுவைக்கு முன்பு கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள்) பார்த்துக் குறித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அது வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்துங்கள். ஆஞ்சியோகிராம் செய்து கிரியேட்டினின் ஏறியிருந்தால், அவசரமில்லாத அறுவையை அது இறங்கும்வரை தள்ளிவைப்பது நல்லது. ரத்தசோகை இருந்தால் சில வாரங்கள் முன்பே இரும்புச்சத்தைச் சரிசெய்யலாம்.

பம்ப்பில் இருக்கும் நேரம்தான் மிக முக்கியம். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 280 மி.லி. ஆக்சிஜனாவது போய்ச் சேர வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராம், அதன் ஆக்சிஜன் செறிவு 100 சதவீதம், பம்ப்பின் ஓட்டம் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.4 லிட்டர் என்று வையுங்கள். 8-ஐ 1.36-ஆல் (ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன், மி.லி.) பெருக்கினால் 10.9. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.6, சேர்த்தால் 11.5. இதை 2.4-ஆலும் பிறகு, டெசிலிட்டரை லிட்டராக்க, 10-ஆலும் பெருக்கினால் 276. அதாவது வழக்கமான ஓட்டத்திலேயே பற்றாக்குறை! ஓட்டத்தை 2.6-க்கு ஏற்றினால் 299 கிடைக்கும். ஹீமோகுளோபின் 7 என்றால் 2.8 வரை போக வேண்டியிருக்கும். முதலில் ஓட்டத்தை ஏற்றுங்கள். அது போதாதபோது ரத்தம் ஏற்றுவதை யோசிக்கலாம். சர்க்யூட்டை (பம்ப்பின் குழாய்களை) நிரப்பும் திரவத்தைக் குறைத்தால் ரத்தம் நீர்ப்பதும் குறையும். உடலைச் சூடேற்றும்போது ஆக்சிஜனேட்டரிலிருந்து (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கும் பகுதி) வெளிவரும் ரத்தம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

ஐசியுவில் சராசரி ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது 65, மைய சிரை அழுத்தம் (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) 18 என்றால் சிறுநீரகத்துக்குக் கிடைப்பது 47 மட்டுமே. அந்த நிலையில் மேலும் சலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகும். வலது இதயம் எப்படி இயங்குகிறது, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று எக்கோவில் பாருங்கள். ஸ்டார்ச் திரவங்கள் வேண்டாம். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் கூடியவரை தவிருங்கள். ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி என்ற ரத்த அழுத்த மாத்திரைகளை முதல் 48 மணி நேரம் கொடுக்க வேண்டாம்.

70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 35 மி.லி. சிறுநீராவது வர வேண்டும். திடீரென்று நின்றுவிட்டால் முதலில் கதீட்டர் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் கிரியேட்டினின் பலரை ஏமாற்றிவிடும்: ஏற்றிய திரவத்தில் நீர்த்து, நல்ல எண்ணாகவே தெரியும். 48 மணி நேரத்துக்குள் அது டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. ஏறினாலே அது சிறுநீரகப் பாதிப்புதான்.

குறைந்த அளவு டோபமைன் சிறுநீரகத்தைக் காப்பதில்லை. சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைட் தேங்கிய நீரை வெளியேற்றும், அவ்வளவுதான். 2024-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அமினோ அமிலத்தைச் சிரைவழி ஏற்றியபோது (உயரத்துக்கேற்ற எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 கிராம், உச்சவரம்பு 100 கிராம், அதிகபட்சம் 3 நாள்) சிறுநீரகப் பாதிப்பு 31.7 சதவீதத்திலிருந்து 26.9 ஆகக் குறைந்தது. உயிரிழப்பு குறையவில்லை.

பாதிப்பு வந்தவர்களுக்கு, கிரியேட்டினின் எண் சரியாகி வீடு திரும்பியிருந்தாலும், 3 மாதம் கழித்துக் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் மறுபடி பாருங்கள்.