வெள்ளத்தில் போன வயலுக்கு ஊர்ப்பணம் திரட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மழை விட்ட மறுநாள் காலையிலேயே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு க்யூஆர் படம் வந்துவிடுகிறது. "நம்ம ஊர் விவசாயிகளுக்கு உதவுவோம், முடிந்ததைப் போடுங்கள்" என்று ஒரு வரி. போடுகிறவர்களும் போட்டுவிடுகிறார்கள், துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்கூட. யாருக்கு, எத்தனை ஏக்கருக்கு, என்ன வாங்க என்று மட்டும் எங்கேயும் இருக்காது. ராமநாதபுரம் கரையோர ஊர்களில் நல்ல மனதோடு தொடங்கிய வசூல் மனக்கசப்பில் முடிவதை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் காரணம் இதுதான்: பணம் முதலில் வந்துவிடுகிறது, பட்டியல் பிறகு வருகிறது. தயவுசெய்து மாற்றிச் செய்யுங்கள்.

தண்ணீர் நிற்கும்போதே நான்கைந்து பேர் வரப்பில் நடந்து பாருங்கள். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கமெல்லாம் ஒரே ஊரில் மேட்டு வயல் தப்பித்திருக்கும், கண்மாய்க்கு (ஏரிக்கு)க் கீழே பள்ளத்தில் இருப்பது ஒரு வாரமாக மூழ்கிக் கிடக்கும். யார் உழுகிற வயல், எத்தனை ஏக்கர், என்ன பயிர், விதைத்து எத்தனை நாள், தண்ணீர் எத்தனை நாள் நின்றது, ஏறியது மழைத்தண்ணீரா கடல்தண்ணீரா, இவ்வளவும் ஒரு நோட்டில் வர வேண்டும். "யார் வயல்" என்று கேட்காமல் "யார் உழுகிறார்" என்று கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டா மதுரையிலோ சென்னையிலோ இருக்கிறவர் பெயரில் இருக்கும், விளைச்சலில் பங்கு தருகிற வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்து நகையை அடகு வைத்து விதைத்தவர் வேறு ஆளாக இருப்பார். அரசு நிவாரணம் பட்டாவையும் அடங்கலையும் (எந்த வயலில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவேடு) பார்த்துத்தான் பெரும்பாலும் வருகிறது, வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவருக்கு அதில் இடமில்லை. ஊர்ப்பணமும் அதே பட்டாவைப் பார்த்துப் போனால் பிறகு எதற்கு ஊர்ப்பணம்?

அடுத்த தவறு, தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, சமமாகப் பிரிப்பது. திருவிழா வரியை அப்படிப் பிரித்தே பழகிவிட்டதால் சண்டை வரக்கூடாது என்று இதையும் அப்படியே செய்துவிடுகிறார்கள். மூன்று லட்சம் சேர்ந்தது, ஊரில் முந்நூறு தலைக்கட்டு என்று வையுங்கள். ஆளுக்கு ஆயிரம், யாருடைய வயலும் அதனால் எழுந்திருக்காது. பள்ளத்து வயல்காரர்கள் நாற்பது பேருக்கு மட்டும் கொடுத்தால் ஆளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. விதைக்கும் உழவுக்கும் ஓரளவு தாங்கும். இதை ஊர்க்கூட்டத்தில் வசூலுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும், பணம் கைக்கு வந்த பிறகு பேசினால் யாருக்கும் காது கேட்காது.

அரசு தரப்போவது என்ன என்று தெரியாமல் இலக்கு வைப்பதும் தவறு. 2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால், மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 என்று இருந்தது. மானாவாரிக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் 3,400 ரூபாய் சொச்சம்தான். உழவு, விதை, உரம் மூன்றுக்கும் அது போதாது என்பது உழுகிறவர்களுக்குத் தெரியும். ஆக நம் வசூல் நிரப்ப வேண்டியது மிச்சமிருக்கும் பள்ளத்தை.

இன்னொன்று, அவசரத்தில் தடயத்தை அழித்துவிடாதீர்கள். பணம் சேர்ந்துவிட்டதே என்று ஆர்வத்தில் மறுவாரமே டிராக்டரை இறக்கி அழுகின பயிரை மடக்கி உழுதுவிட்டால், கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) வேளாண்மைத் துறையினரும் வந்து பார்க்கும்போது அங்கே சேதம் என்று காட்ட ஒன்றும் இருக்காது, நிவாரணமும் போகும், காப்பீடும் சிக்கலாகும். தேதியோடு போட்டோ எடுத்து, அவர்கள் வந்து எழுதிப்போன பிறகு உழவைத் தொடங்குங்கள்.

சரி, பணத்தை எதற்குச் செலவழிப்பது? இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. நம்முடையது புழுதி விதைப்பு பூமி, வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊர்கள். மழை டிசம்பரோடு முடிகிறது. பிப்ரவரியில் விழா வைத்துக் கொடுக்கிற நெல்விதையால் யாருக்கும் பயனில்லை, அந்த நேரத்தில் கேட்டால் பருத்தி போடத்தான் உதவி கேட்பார்கள். ஆனால் தண்ணீர் வடிந்த அந்த ஒரு வாரத்தில் சின்னப் பணமே பெரிய வேலை செய்யும். மூழ்கி மஞ்சளடித்து நிற்கிற, இன்னும் உயிருள்ள நெல்லுக்கு வேளாண்மைத் துறையினர் சொல்வது ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷைச் சேர்த்துத் தூவுவது. வயலில் தண்ணீரை வடித்த பிறகுதான், அது முக்கியம். இந்த உரத்தை நேரத்துக்கு வாங்கிக் கொடுத்தாலே பல வயல்களை மீட்க வாய்ப்பிருக்கிறது, அதற்கு லட்சங்கள் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் வந்த தொகையை முதல் வாரத்திலேயே இறக்குங்கள்.

மிளகாய்க்காரர்கள் கதை வேறு. நம் பக்கத்துக் குண்டு மிளகாயான முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அந்த விதை பெரும்பாலும் விவசாயி வீட்டில் தானே எடுத்து வைப்பது. வெளியூர் நண்பர்கள் அன்போடு வீரிய ரக விதைப் பொட்டலங்களை அனுப்பிவைப்பார்கள், நம் மண்ணுக்கும் மானாவாரிக்கும் அது சரிப்பட்டு வருமா என்று யாரும் கேட்பதில்லை. தப்பித்த மேட்டு ஊர்களில் முண்டு விதை வைத்திருப்பவர்களிடம் விலைகொடுத்து வாங்கி இங்கே கொடுங்கள், பணம் இரண்டு விவசாயிகளுக்கும் போகும். கடல்தண்ணீர் ஏறிய வயலாக இருந்தால் விதையே வேண்டாம், முதலில் மண் பரிசோதனை. உப்பை நல்ல தண்ணீர் கட்டி வடித்து வெளியேற்ற வேண்டும், ஜிப்சம் எவ்வளவு என்று பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் போட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு மூட்டை மூட்டையாக இறக்கக் கூடாது. பழைய துணி அனுப்புகிறோம் என்பவர்களிடம் நன்றி சொல்லி, அதற்குப் பதில் ஆட்டுக்குத் தீவனம் வாங்கித் தரக் கேளுங்கள்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணில் வசூல் செய்யவே கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணத்தை வருமானவரிச் சட்டம் வருமானமாகப் பார்க்கும், நல்லது செய்யப்போனவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே பதிவான சங்கமோ அறக்கட்டளையோ ஊரில் இருந்தால் அதன் கணக்கில் வாங்குங்கள், குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும், அதில் ஒருவர் மகளிர் குழுவிலிருந்து வந்தால் இன்னும் நல்லது, வாரக் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அவர்கள்தான்.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் மாதிரி ஊர்களில் வெளிநாட்டுப் பணம் கட்டாயம் வரும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும், அதற்கெனப் பதிவுபெற்ற நிறுவனம்தான் வாங்க முடியும். மாமா மகன்தானே என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெளியூர்க்காரர்களிடம் கேட்கும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ராமநாதபுரம் என்றாலே அவர்களுக்கு வறட்சிதான், இங்கே வெள்ளமா என்பார்கள். 2024 நவம்பர் 20-ஆம் தேதியை ஒட்டி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற சராசரியே 80-ஐ ஒட்டித்தான். இதை உங்கள் வேண்டுகோளில் போடுங்கள், கூடவே பட்டியலின் சுருக்கத்தையும்.

கண்மாய்க் கரை உடைந்திருந்தால் நாமே ஜேசிபி வைத்து அடைத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனமுள்ள கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேலென்றால் நீர்வளத் துறை, யாருடையது என்று பார்த்து மனு கொடுத்து அவர்கள் ஆள் நிற்கும்போது செய்யுங்கள். தவறான இடத்தில் வைத்த மண் அடுத்த மழையில் பக்கத்து ஊர் வயலில் போய் இறங்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்வாயில் சீமைக்கருவை வெட்ட ஊரே இறங்கலாம், அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்.

கொடுக்கும்போது பேனர், வரிசை, போட்டோ எதுவும் வேண்டாம். போன வருஷம் அன்னதானத்துக்கு நெல் மூட்டை கொடுத்தவர் இந்த வருஷம் கைநீட்டி நிற்கிறார், அந்தப் படம் குரூப்பில் போனால் அவர் அடுத்த முறை தன் பெயரைப் பட்டியலில் எழுதவே விடமாட்டார். வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வரவு செலவை மட்டும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள், உரக்கடை ரசீது உட்பட, யாருக்கு என்ற பெயர் இல்லாமல். கேட்கிறவர்களுக்குக் காட்ட நோட்டு கமிட்டியிடம் இருக்கட்டும்.