விமானியும் கட்டுப்பாட்டாளரும் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானிக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையிலான பேச்சு, பல விமானங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே அலைவரிசையில், முகம் பார்க்காமல், சில நொடிகளுக்குள் நடந்து முடிகிறது. கீழே வரும் விபத்துகள் எதிலும் வானொலிக் கருவி பழுதாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எதிர்பார்த்ததையே காது கேட்டது, கேட்டதை யாரும் சரிபார்க்கவில்லை.

வரையறுத்த சொற்றொடரை விட்டுவிட்டுத் தோன்றியபடி பேசுவதுதான் இவற்றில் மிகக் கொடிய தவறு. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் மூடுபனிக்கு நடுவே, கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் முனையில் நின்றது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் விமானத்துக்குக் கிடைத்தது, மேலேறிய பின் எந்த வழியில் செல்ல வேண்டும் என்ற அனுமதி மட்டுமே. மேலேறுவதற்கான அனுமதி அல்ல. அந்தக் குறிப்பைத் திருப்பிச் சொன்ன துணை விமானி, 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் முடித்தார். விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது என்று கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டார். உண்மையில் அது ஓடத் தொடங்கியிருந்தது. அவர் 'ஓகே' என்று சொல்லி, சற்று இடைவெளி விட்டு, 'காத்திருங்கள், அழைக்கிறேன்' என்றார். அதே நொடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானிகளும் பேச, இரண்டு குரல்களும் மோதி, கேஎல்எம் விமானி அறைக்குள் ஒரு கீச்சொலியாகவே போய்ச் சேர்ந்தன. தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டுமே. பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டபோது, தலைமை விமானி அதைத் தள்ளிவிட்டார். 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை மேலேறுவதற்கான அனுமதியைக் கொடுக்கவும், திருப்பிச் சொல்லவும், ரத்து செய்யவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்று நடைமுறை இறுகியது. 'ஓகே' என்று பதில் சொல்லும் பழக்கமும் அன்றே ஒழிந்திருக்க வேண்டும்; முழுக்க ஒழிந்ததாகத் தெரியவில்லை.

கேட்ட உத்தரவை விமானி திருப்பிச் சொல்வதை வெறும் சடங்காக எண்ணி, கட்டுப்பாட்டாளர் அதைக் காதில் வாங்காமல் விடுவதும் அதற்குச் சளைத்த தவறல்ல. 1989 பிப்ரவரியில், கோலாலம்பூரை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கச் சொல்லி, 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றார்கள். முதலில் வந்த 'டூ' என்ற எண்ணை, 'வரை' என்று பொருள்படும் 'டு'வாக எடுத்துக்கொண்ட விமானிகள், 'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று பதில் சொன்னார்கள். 2,400 அடி 400 அடியாகிவிட்டது. தவறு வாய்விட்டே சொல்லப்பட்டும் யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். உயரத்தைச் சொல்லும்போது 'ஆல்டிடியூட்' என்ற சொல்லை எண்ணுக்கு முன்னால் வைப்பதும், ஆயிரம், நூறு என்று பிரித்துச் சொல்வதும் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்காது.

ஆபத்தை நாசூக்காகச் சொல்வது விமானிகள் தரப்பில் நேரும் தவறு. 1990 ஜனவரி 25 அன்று, நியூயார்க்குக்குச் செல்லும் வழியில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடிக்க வைக்கப்பட்ட அவியாங்கா 52 விமானத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் முறை தரையிறங்க முடியாமல் போனதும், அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி துணை விமானியிடம் கூறினார். அவரோ, திரும்ப வேண்டிய திசையை ஒப்பித்துவிட்டு, அதன் வாலாக 'எரிபொருள் தீர்கிறது' என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். இன்னொரு சுற்று அழைத்துச் செல்கிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டதற்கு, 'சரிப்படும் என்றே நினைக்கிறேன், மிக்க நன்றி' என்பதே பதிலாக வந்தது. நான்கு எஞ்சின்களும் அணைந்து விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். இன்றைய விதிகளின்படி, மேலும் தாமதித்தால் கையிருப்பு (தரையிறங்கும்போது தொடாமல் மிச்சமிருக்க வேண்டிய எரிபொருள்) குறையும் என்ற நிலையில் 'மினிமம் ஃப்யூயல்' என்றும், கையிருப்பையே தொட்டுவிடும் நிலையில் ஆபத்து அழைப்பான 'மேடே, மேடே, மேடே ஃப்யூயல்' என்றும் சொல்ல வேண்டும். முதலாவது வெறும் எச்சரிக்கை. முன்னுரிமை கிடைப்பது இரண்டாவதற்குத்தான்.

கேட்காத அனுமதியைக் கேட்டதாக ஊகித்துக்கொள்ளும் தவறு இன்னும் போகவில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், ஓடுபாதைக்கு வெளியே உள்ள காத்திருப்பு இடத்துக்குப் போகும்படி கடலோரக் காவல்படை விமானத்துக்குச் சொன்ன கட்டுப்பாட்டாளர், புறப்படும் வரிசையில் 'நம்பர் ஒன்' என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்த விமானம் அதைச் சரியாகவே திருப்பிச் சொல்லிவிட்டு, ஓடுபாதைக்குள் நுழைந்து நின்றது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியதில் காவல்படையினர் ஐவர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சொற்கள் சரியாக இருந்தும், அவற்றில் இல்லாத ஒரு பொருள் ஏறிக்கொண்டது. ஓடுபாதைக்குள் நுழைய, கடக்க, அதில் காத்திருக்க என ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி காதில் விழுந்ததா என்று விமானி அறையில் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்குச் சந்தேகம் இருந்தாலும், 'சே அகைன்' என்று கட்டுப்பாட்டாளரிடம் மறுபடி கேட்ட பிறகே நகர வேண்டும்.